உன் அப்பா ஓடிப்போகவில்லை

குமரா,

இதை உன்னிடம் நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். முதல் தடவை, அப்பாவின் எலும்புகள் இருந்த பெட்டியை விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு காரில் வந்தபோது. நீ அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாய். உன் முதுகைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. இரண்டாவது தடவை, காரியம் முடிந்த அன்று மத்தியானம். பாத்திரம் கழுவிக்கொண்டே நித்யா ஏதோ கேட்க, பேச்சு மாறிப்போய்விட்டது. மூன்றாவது, போன செவ்வாய்க்கிழமை. நீ போனில், "ஞாயித்துக்கிழமை அஞ்சலிக் கூட்டத்துல நீ மேடையில உக்காரணும்மா. பேசல்லாம் வேணாம், நான் பேசிக்கறேன். அப்பாவுக்காக நாப்பது வருஷம் காத்துக்கினு இருந்தவங்கன்னு உன்னைப் பத்திச் சொல்லப்போறேன்" என்றாய். நான் "சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெருங்குடியில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் நீ மந்தைவெளிக்கு வந்துவிடலாம். வந்து என் எதிரில் உட்கார்ந்தால் நான்காவது தடவையும் வாயை மூடிக்கொள்வேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தக் கதையை உனக்குச் சொன்னவள் நான். உன் அப்பா தேவராஜ் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். ஈரானும் ஈராக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல் என்று பார்க்காமல் இரண்டு பக்கமும் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய கப்பல் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றுபோனது. சரக்கு வரவில்லை, கேப்டன் யாரையும் விடவும் இல்லை. அப்போது உனக்கு ஒன்றரை வயது. ஒரு நாள் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு தபால் வந்தது. உன் அப்பா அனுமதி இல்லாமல் கப்பலை விட்டு இறங்கிப் போய்விட்டார், திரும்பவில்லை, அவருக்கும் தங்களுக்கும் இனி சம்பந்தம் இல்லை என்று அதில் இருந்தது. இரண்டு பத்தி. அதைப் பத்துத் தடவை படித்தேன்.

அவர் ஏன் இறங்கிப் போனார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் எழுதிய ஒரு கடிதம் காரணம் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை.

உனக்கு மஞ்சள் காமாலை வந்து எழும்பூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாய். பகலில் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை, மாலையில் ஆஸ்பத்திரி. என் அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தை ஒரு விடிகாலையில் போய்விட்டது. அந்தத் தாய் ஒரு சத்தமும் போடாமல் துணிகளை மடித்துப் பையில் வைத்ததைப் பார்த்தேன். அன்று காலையே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உன் அப்பாவுக்கு எழுதினேன். எனக்கு இருபத்துமூன்று வயது. என்னென்னவோ எழுதினேன். கடைசி வரி மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. "இந்த மாதத்துக்குள் வந்து சேருங்கள். இல்லையென்றால் இனி எப்போதும் வரவே வேண்டாம்." நீ பிழைத்துக்கொண்டாய். பிழைத்துவிட்டான் என்று இன்னொரு கடிதம் போட்டிருக்கலாம். கோபம் தீரவில்லை, போடவில்லை.

அதனால் கம்பெனித் தபால் வந்தபோது எனக்கு அர்த்தம் சரியாகப் பொருந்திவிட்டது. வரவே வேண்டாம் என்றேன், வரவே இல்லை. அடுத்த வருஷம், உன் அப்பா வளர்ந்த தெருவைச் சேர்ந்த ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தார். "கடைத்தெருவுல தேவராஜு மாதிரியே ஒர்த்தரப் பாத்தேன். கூட ஒரு பொம்பள இருந்துச்சு" என்றார். பிழை திருத்துகிறவளுக்கு ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருக்க வேண்டும். 'மாதிரியே' என்ற சொல்லை அடித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டேன். வீட்டில் இருந்த அவருடைய கடிதங்களைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். கல்யாணப் போட்டோவில் பாதியை வெட்டினேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது உன் பெயருக்கு முன்னால் அவர் எழுத்தைப் போடாமல் என் எழுத்தைப் போடச் சொன்னேன். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்பா இருக்காரா, இல்லையா?" என்று கேட்டார். "இருக்காரு. எங்களுக்கு இல்ல" என்றேன்.

அந்த நாட்களில் நான் சொன்னதை நம்பாத ஒரே ஆள் உன் அத்தை வள்ளி. அடையாறு ஆறு கடலில் கலக்கும் இடத்துக் குடிசைகளில் ஒன்றில் இருந்தாள், மீன் விற்பாள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து வாசலில் நின்று, "அண்ணி, எங்கண்ணன் ஓடிப்போற ஆளு இல்ல. இன்னாவோ ஆயிகீது. வா, கப்பல்காரங்க சங்கத்துல போய் மனு குடுக்கலாம்" என்பாள். நான் போகவில்லை. ஒரு நாள் நீ வாசலுக்கு ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா எங்க, அத்தை?" என்று கேட்டாய். அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு, "உங்கப்பா கடல்ல கீறாருடா கண்ணு" என்றாள். உன்னை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கி உள்ளே விட்டுவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று கதவைச் சாத்தினேன். அவள் சொன்னது ஏறக்குறைய உண்மை என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை காலம் ஆனது. கடலை ஒட்டிய மண்ணில்தான் அவர் கிடந்தார்.

கதவைச் சாத்தியதோடு நிற்கவில்லை. உன்னை வளர்த்ததே அந்த வெறுப்பில்தான். நீ பள்ளிக்கூடம் விட்டுத் தாமதமாக வந்தால் "அப்பன் புத்தி" என்பேன். சாப்பாட்டில் கோபித்துக்கொண்டு எழுந்தால் "அப்பன் புத்தி". கல்லூரியில் சேர்ந்த வருஷம் விடுதியில் தங்கப்போகிறேன் என்றாய், அதற்கும் அதையே சொன்னேன். நீ விடுதிக்குப் போகவில்லை. உன் கல்யாணப் பத்திரிகைக்கு நானே பிழை பார்த்தேன். பெண் வீட்டுப் பக்கம் நித்யாவின் அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாரும் இருந்தார்கள். நம் பக்கம் என் பெயர் மட்டும். அச்சகத்து முதலாளி, "அவர் பேரு போட வேணாமா? உயிரோட இல்லேன்னா காலஞ்சென்றன்னு போட்டுக்கலாம்" என்று மெதுவாகக் கேட்டார். நீ என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாய். நான் வாய் திறக்கும் முன்பே நீ, "அந்தாளு பேரு வேணாம் சார்" என்றாய். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது குமரா. என் பிள்ளை என் பக்கம் நிற்கிறான் என்று.

இதெல்லாம் உனக்கு ஓரளவு தெரியும். இவற்றையெல்லாம் மன்னித்துவிட்டதாகவும் சொல்லிவிட்டாய். சாம்பலைக் கரைத்துவிட்டுப் பட்டினப்பாக்கம் மணலில் உட்கார்ந்திருந்தபோது, "நீ இன்னாம்மா பண்ணுவ, கம்பெனி அப்டி எழுதிச்சு, நீ நம்பின" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாய். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

உனக்கு ஏழு வயது. குளத்துப் பக்கத்துத் தெருவில், நான் வேலை செய்த அச்சகத்துக்கு ஒரு முற்பகலில் ஒரு ஆள் வந்தார். முகூர்த்த மாதம், உள்ளே ஏகப்பட்ட கூட்டம். தம் மகன் பெயரில் எழுத்துப் பிழை என்று ஒருவர் என் மேஜையருகே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் அவருக்குப் பின்னால் காத்திருந்தார். கழுத்திலிருந்து ஒரு பக்கக் கன்னம் வரை வெந்து சுருங்கிய தோல். வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் முறை வந்ததும், "இங்க தேவராஜோட சம்சாரம் யாருமா?" என்று கேட்டார். அச்சகத்தில் எல்லாரும் திரும்பினார்கள். பல வருஷமாக யாரும் என் காதுபட உச்சரிக்காத பெயர் அது.

"நான்தான். அவரு அனுப்ச்சாரா?" என்று கேட்டேன்.

அவர் தடுமாறினார். "அவரு எப்டிமா அனுப்புவாரு. நான் அந்தக் கப்பல்ல..."

அவரை முடிக்க விடவில்லை. எத்தனையோ நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று என்னிடம் இருந்தது. என்றாவது ஒருநாள் சமாதானம் பேச உன் அப்பா ஆள் அனுப்புவார், அன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்னேன். "அவரு செத்து ஆறு வருஷம் ஆவுது. எல்லாக் காரியமும் முடிஞ்சிபோச்சு. இனிமே அந்தப் பேரைச் சொல்லிக்கினு யாரும் இங்க வராதீங்க."

அந்த ஆள் என்னையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைக்கூட நான் நடிப்பு என்று நினைத்தேன். "சரிமா. தெரிஞ்சிகினு தான் கீறீங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் குனிந்து அடுத்த பத்திரிகையைத் திருத்த ஆரம்பித்தேன். அன்று சாயங்காலம் உனக்கு மாட வீதியில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன், ஏதோ ஜெயித்தவள் மாதிரி.

அவர்தான் ஏழுமலை. போன வருஷம் சங்கத்து ஆட்களோடு நம் வீட்டுக்கு வந்து, உன் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்தாரே, அதே ஏழுமலை.

அன்று சங்கத்துக்காரர் விவரம் சொல்ல, நீ ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாய். அந்தத் துறைமுகத்தில் சாலையை அகலப்படுத்த ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டினார்கள். குண்டு விழுந்து எரிந்த இன்னொரு கப்பலின் ஆட்களைப் பெயர் தெரியாமல் எண் போட்டுப் புதைத்திருந்த இடம் அது. கப்பல் பட்டியலில் இறந்தவர்கள் பத்துப் பேர். குழிகள் பதினொன்று. பதினோராவது ஆள் யார் என்று அந்தக் கப்பலில் பிழைத்தவர்களைத் தேடிக் கேட்டதில், காசிமேட்டில் இருந்த ஏழுமலை, "அது மயிலாப்பூர் தேவராஜு. எங்க கப்பல்ல இன்ஜின் ஆளு ஒர்த்தர் சீக்காயிட்டாரு. அவருக்குப் பதிலா பம்பாய் வரைக்கும் வர்றேன்னு ஏறினாரு. பேரு எழுதல" என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே கம்பெனி ஆட்களிடம் சொன்னாராம். பட்டியலில் இல்லாதவன் கப்பலில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சங்கத்து அலமாரியில் தேடினால், தேவராஜ் என்ற பெயரில் ஒரு கட்டு மனுக்கள். எல்லாம் உன் அத்தை வள்ளி கொடுத்தவை. வேறு யாரையோ எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்து, வருஷம் தவறாமல் கொடுத்திருக்கிறாள். குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்ட பிறகும் இரண்டு பஸ் மாறி வந்து கொடுத்திருக்கிறாள். அந்த மனுவில் இருந்த என் அச்சகத்து விலாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் நம்மிடம் வந்தார்கள். அதற்கு முந்தின வருஷமே அவள் செத்துப்போயிருந்தாள். சாவுக்குக்கூட நமக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்.

சங்கத்துக்காரர் பேசிக்கொண்டிருந்தபோது நான் ஏழுமலையின் கையைப் பார்த்தேன். காப்பி டம்ளரைப் பிடித்திருந்த அந்த மூன்று விரல்களை. நான் நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் முன்னால் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மரபணுச் சோதனைக்கு உன் வாயில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் நான் வேண்டிக்கொண்டது என்ன தெரியுமா? அது உன் அப்பாவாக இருக்கக் கூடாது என்று. அவர் துபாயில் சுகமாக இருக்க வேண்டும் என்று. அப்படியிருந்தால் நான் குற்றவாளி இல்லை அல்லவா.

காரியம் முடிந்து பத்து நாள் கழித்து, நானாகவே காசிமேட்டுக்குப் போனேன். உன்னிடம் கோயிலுக்குப் போகிறேன் என்றேன். ஏழுமலை வீட்டு வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னதை நம்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? செத்து ஆறு வருசம் ஆவுதுன்னீங்க. கணக்கு கரீட்டா இருந்துச்சு. காரியமும் முடிஞ்சிச்சுன்னீங்க. கம்பெனி ஒங்களுக்கு எழுதிட்டான் போலன்னு நெனச்சிகினேன். பொம்பள அழாம கெட்டியா நிக்கிதேன்னு பெருமையா இருந்துச்சு. அத்தோட மனசு லேசாயி வூட்டுக்கு வந்துட்டேன்."

"என் பையன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி இன்னாமா ஆவப்போவுது" என்றார்.

நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தார். போகலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் கேட்டேன், உன் அப்பா எதற்காகத் தன் கப்பலை விட்டுவிட்டு அதில் ஏறினார் என்று. அவர் யோசிக்கவே இல்லை.

"ஊருக்கு வர்றதுக்குத்தான். வேற இன்னாத்துக்கு? கேப்டன் வுடல, வேற வழி இல்ல. சட்டை சோப்புல ஒரு லெட்டர் வெச்சிருந்தாரு. கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லன்னு ஒங்க லெட்டர். எங்கிட்ட படிச்சிக் காட்னாரு. வராட்டி வரவே வேணாம்னு எழுதிகீறாளேன்னு சிரிச்சாரு. கோவத்துல எழுதிகீறா, நேர்ல போய் நின்னா சரியாப்பூடும்னாரு. மறுநா மத்தியானம் குண்டு வுழுந்துச்சு."

குமரா, நாற்பது வருஷமாக என் கடிதம் அவரை விரட்டிவிட்டது என்று நினைத்திருந்தேன். அது அவரை வரவழைத்திருக்கிறது. அது போகாமல் இருந்திருந்தால் அவர் தன் கப்பலிலேயே இருந்திருப்பார். அந்தக் கப்பல் ஒரு கீறல் இல்லாமல் ஊர் திரும்பியது. காசிமேட்டிலிருந்து பஸ்ஸில் நான் திரும்பி வரும்போது மந்தைவெளி எது என்று தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் தொட்டு எழுப்பினார். நான் தூங்கவில்லை.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் தாய் என்று ஆகிவிட்டதால் சொல்கிறேன். யாராவது ஏதாவது சொல்ல வந்தால் முழுக்கச் சொல்ல விடு. உனக்கும் இந்தப் பழக்கம் இருக்கிறது. நித்யாவோடு சண்டை வந்தால் அவள் பாதி பேசும்போதே எழுந்து போய்விடுகிறாய், வாரக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய். உன் பழைய நண்பன் மன்னிப்புக் கேட்க வந்தபோது கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது அப்பன் புத்தி இல்லை. உன் அப்பா அடுத்தவர் கோபத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிற ஆள், கிளம்பி வந்து நேரில் நிற்க நினைக்கிற ஆள். கதவைச் சாத்துகிற புத்தி என்னுடையது. அதை உனக்குக் கொடுத்துவிட்டு அதற்கு அவர் பெயரையும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரமாட்டேன். காத்திருந்தவள் என்று என்னைச் சொல்லாதே. காத்திருந்தது வள்ளி. அவளைப் பற்றிப் பேசு. அவள் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று தேடு, அவர்களைக் கூப்பிட்டு உட்கார வை. இந்தக் கடிதத்தை அங்கே படிப்பதானாலும் படி, எனக்கு ஆட்சேபணை இல்லை. படித்த பிறகு என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று தோன்றினாலும் அது நியாயம்தான். நான் போன் செய்து தொந்தரவு செய்ய மாட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். துபாயில் உன் அப்பாவுக்கு நான் ஒரு வீடு வைத்திருந்தேன். மூன்றாவது மாடி. பச்சைத் திரைச்சீலை. அந்தப் பெண் கொஞ்சம் பருமன், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. இரண்டு பெண் குழந்தைகள், பெரியவளுக்கு அவருடைய நெற்றி. அவர்களுக்கு வயது ஏற ஏற நானும் ஏற்றிக்கொண்டே வந்தேன். பெரியவளுக்குக் கல்யாணம்கூட ஆகிவிட்டது. அவருக்குத் தலை நரைத்து, தொப்பை போட்டு, அந்த வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தினமும் அவரைத் திட்டுவேன். இப்போது கண்ணை மூடினால் அந்தத் தொப்பை போட்ட கிழவர்தான் வருகிறார். கப்பலில் ஏறிய இருபத்தெட்டு வயசுக்காரரின் முகம் எனக்கு ஞாபகமில்லை குமரா. வெட்டிய போட்டோவைத் தேடினேன், கிடைக்கவில்லை. அழலாம் என்று உட்காருகிறேன். யாரை நினைத்து அழுவது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன்.

அம்மா